செய்தி அறையில் “கொப்பி” என்றால் என்னென்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையிலோ வானொலியிலோ வேலைக்குச் சேருகிறவர்கள் பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். மட்டக்களப்பு, மன்னார், ஹட்டன், புத்தளம், வத்தளை என்று எங்கிருந்து வந்தாலும் அவர்களுக்குக் கொப்பி என்றால் பள்ளிக்கூடத்தில் எழுதிய அப்பியாசக் கொப்பிதான். செய்தி அறைக்குள் வந்ததும் அதே சொல் வேறு வேறு பொருளில் காதில் விழத் தொடங்கும். “கொப்பி வந்துவிட்டதா?”, “கொப்பி நீளம், வெட்டுங்கள்”, “நேற்று எத்தனை கொப்பி போனது?”, “இது கொப்பி அடித்தது போல இருக்கிறதே!” விளங்காவிட்டாலும் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். உப ஆசிரியர் மேசையில் இருந்துகொண்டு புதியவர்களுக்குப் பயிற்சியும் கொடுப்பதால் இந்தக் கேள்விகள் எனக்கு நன்றாகவே பழக்கம். ஊடகக் கற்கை மாணவர்களும், பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பும் வாசகர்களும் கேட்டவற்றையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

“கொப்பி வந்துவிட்டதா?” என்று செய்தி ஆசிரியர் கேட்டால் எதைக் கேட்கிறார்?

நிருபர் எழுதிக் கொடுக்க வேண்டிய செய்தியைக் கேட்கிறார். பக்கத்தில் ஏறுவதற்கு முன் இருக்கும் எழுத்து முழுவதும் கொப்பிதான். கையால் எழுதியதா, மின்னஞ்சலில் வந்ததா, வட்ஸ்அப்பில் வந்ததா என்பது முக்கியமில்லை. நிருபர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்தாலும் அது கொப்பியே. அந்த வேலைக்கென்றே ஆங்கிலப் பத்திரிகைகளில் முன்பு கொப்பி டேக்கர் என்று ஆட்கள் இருந்தார்கள். படமும் வரைபடமும் இந்தக் கணக்கில் சேராது. தலைப்பும் பொதுவாகச் சேராது. தலைப்பை எழுதுவது உப ஆசிரியர் மேசையின் வேலை.

ஒரு சின்ன வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் கொப்பியை எண்ணுவதில்லை. ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியரிடம் போய் “இரண்டு கொப்பி தருகிறேன்” என்றால், அச்சடித்த பத்திரிகையில் இரண்டைத் தரப்போவதாகவே நினைப்பார். நமது அலுவலகங்களில் “மூன்று கொப்பி கையில் இருக்கிறது” என்று தாராளமாகச் சொல்கிறோம். மூன்று செய்தி என்று எல்லோருக்கும் விளங்குகிறது. அதைத் திருத்த வேண்டிய தேவை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நகல் என்று பொருள்படும் சொல் மூலத்துக்குப் பெயராக வந்தது எப்படி?

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நிருபர் புதிதாக எழுதியது எப்படி நகலாகும்? அச்சுக்கூடத்தில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும்.

லத்தீனில் கோப்பியா என்றால் மிகுதி, ஏராளம். இடைக்காலத்தில் அது பார்த்து எழுதிய படி என்ற பொருளுக்கு நகர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. 1476இல் வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். இங்கிலாந்தில் அச்சுத்தொழில் தொடங்கிய அந்த 15ஆம் நூற்றாண்டிலேயே கொப்பி என்ற சொல் அச்சுக்கோப்பவரின் முன்னால் இருக்கும் தாளைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. எழுதியவருக்கு அது மூலம். அச்சுக்கோப்பவருக்கோ அது பார்த்துக் கோக்க வேண்டிய தாள். பெயர் வைத்தது அச்சுக்கோப்பவரின் பக்கம்.

தமிழில் இது இன்னும் கடினமான வேலையாக இருந்தது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகளைப் பெரியதும் சிறியதுமாக வைத்துக்கொண்டால் போதும். தமிழில் உகர, ஊகார வரிசைகளுக்குத் தனித்தனி வடிவம், புள்ளிக்கும் கொம்புக்கும் தனி அச்சு என்று பெட்டி நிறைய அறைகள். கோப்பவர் ஒரு கண்ணைக் கொப்பியில் வைத்துக்கொண்டு, கை பழகிய பழக்கத்தில் எழுத்தை எடுத்து வலமிருந்து இடமாகத் தெரியும் வரிகளைக் கட்டுவார். நிருபரின் கையெழுத்தில் ‘ர’வும் கால் எழுத்தும் ஒன்றுபோல இருந்தால் அவர் பாடு திண்டாட்டம். கொப்பியில் இருப்பதை மாற்றும் உரிமையும் அவருக்கு இல்லை. “கொப்பி ஜன்னலால் பறந்து போனாலும் அதன் பின்னால் போ” என்று ஆங்கில அச்சுத்தொழிலாளரிடம் ஒரு பழைய வாக்கு உண்டு. பிழையென்று தெரிந்தாலும் உள்ளபடியே கோக்க வேண்டும், திருத்துவது வேறொருவர் பொறுப்பு என்பது கருத்து.

பழைய கொப்பித் தாள் எப்படி இருக்கும்?

அச்சுச் சுருளில் மிஞ்சிய பழுப்பு நிற நியூஸ்பிரின்டை, அதாவது பத்திரிகை அச்சடிக்கும் தாளை, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டுமே எழுதலாம். வரிகளுக்கு நடுவே திருத்துவதற்கு இடம் விட வேண்டும். தலையில் செய்தியின் அடையாளச் சொல், பக்க எண். அடியில் “தொடரும்” என்றோ “முற்றும்” என்றோ எழுத வேண்டும். அமெரிக்காவில் முடிவைக் காட்ட 30 என்று போடுவார்கள்.

ஒரு பக்கம் மட்டும் எழுதச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நிருபர் மூன்றாம் தாளை எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் தாள் கோப்பதற்குப் போயிருக்கும். ஒரே செய்தியின் தாள்களை இரண்டு மூன்று பேர் பிரித்து எடுத்துக் கோத்து நேரத்தை மிச்சப்படுத்துவார்கள். தாளைக் கொண்டு ஓடுகிறவருக்கு ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘கொப்பி போய்’, அதாவது கொப்பிப் பையன், என்று பெயர். கொழும்பு அலுவலகங்களில் அதைப் பியோன் பார்த்தார்.

தட்டச்சில் கார்பன் தாள் வைத்து எடுத்த இரண்டாம் பிரதியை நிருபர் தன்னிடம் வைத்துக்கொள்வது நல்ல வழக்கமாக இருந்தது. “நான் இப்படி எழுதவில்லையே” என்ற சண்டை வந்தால் அதுதான் சாட்சி. மின்னஞ்சலில் “சீ.சீ.” என்று போடுகிறோமே, அது இந்தக் கார்பன் கொப்பியின் சுருக்கம்.

கொப்பி எடிட்டரும் உப ஆசிரியரும் ஒருவர்தானா?

ஏறக்குறைய ஆம். அமெரிக்கர்கள் கொப்பி எடிட்டர் என்பார்கள், பிரித்தானியர் சப் எடிட்டர் என்பார்கள். இலங்கையில் நாம் பிரித்தானிய வழியில் உப ஆசிரியர் என்கிறோம். தகவல் சரிபார்ப்பது, வாக்கியம் திருத்துவது, சட்டச் சிக்கல் பார்ப்பது, இடத்துக்கு ஏற்ப வெட்டுவது, தலைப்பு வைப்பது எல்லாம் இவர் வேலை.

ஒப்புநோக்குநர் வேறு. அந்தச் சொல்லையே பாருங்கள்: கொப்பியையும் அச்சு நகலையும் ஒப்பிட்டு நோக்குகிறவர். முற்காலத்தில் இது இருவர் வேலை. ஒருவர் கொப்பியைக் கையில் வைத்துச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் புரூஃப் எனப்படும் அச்சு நகலில் கண்ணோட்டிக்கொண்டு போவார். வாசிப்பவருக்கு ஆங்கிலத்தில் கொப்பி ஹோல்டர் என்று பெயர். காற்புள்ளி, மேற்கோள் குறி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும்.

நிருபரின் தட்டச்சே பக்கத்தில் ஏறும் காலம் வந்ததும், ஒப்பிட இரண்டு தாள் இல்லையே என்று இந்த இருக்கைகளைப் பல நிறுவனங்கள் குறைத்துவிட்டன. 2017இல் நியூயோர்க் டைம்ஸே தனித்து இயங்கிய கொப்பி மேசையைக் கலைத்தது. அது எனக்கு வருத்தம் தந்த செய்தி. எழுதியவரின் கண் தன் பிழையைத் தாண்டிப் போய்விடும். இன்னொரு கண் கட்டாயம் வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பிழைபடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் கண் இல்லாததால்தான்.

“கிளீன் கொப்பி” கொடு என்கிறார்கள். எழுத்துப் பிழை இல்லாவிட்டால் போதுமா?

போதாது. ஒரு உதாரணம் காட்டுகிறேன். பயிற்சிக்காக நானே எழுதியது, ஆனால் இந்த மாதிரிக் கொப்பி தினமும் வருகிறது.

“கொழும்பு கொட்டாஞ்சேனை பகுதியில் அமைந்துள்ள பாடசாலை ஒன்றின் மதில் சுவரானது நேற்றைய தினம் பெய்த கடும் மழையின் காரணமாக இடிந்து வீழ்ந்துள்ளதாகத் தெரிவிக்கப்படுகின்றது. இதனால் மாணவர்கள் பெரும் அசௌகரியங்களுக்கு முகங்கொடுத்து வருவதாகப் பெற்றோர் விசனம் தெரிவிக்கின்றனர்.”

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் இது சுத்தமான கொப்பி ஆகாது. எந்தப் பாடசாலை? எத்தனை மணிக்கு? பிள்ளைகள் உள்ளே இருந்தார்களா? யாருக்காவது காயமா? “தெரிவிக்கப்படுகின்றது” என்றால் தெரிவித்தது யார், அதிபரா, பொலிஸாரா, வீதியில் நின்றவரா? அசௌகரியம் என்றால் என்ன, வகுப்பு நடக்கவில்லையா, வாசலை மூடிவிட்டார்களா? எத்தனை பெற்றோருடன் கதைத்தீர்கள்? இவற்றைக் கேட்டுவிட்டுத்தான் மொழியைத் தொடுவேன்.

மொழியைத் தொட்டால் முதல் வாக்கியம் இவ்வளவாகிவிடும்: “நேற்றுப் பெய்த கடும் மழையில் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையின் மதில் இடிந்து விழுந்தது.” ‘கொழும்பு’, ‘பகுதியில் அமைந்துள்ள’ இரண்டும் போய்விட்டன, கொட்டாஞ்சேனை கொழும்பில் இருப்பது நம் வாசகருக்குத் தெரியும். மதில் என்றாலே சுவர். ‘நேற்றைய தினம்’ நேற்றுத்தான். மதில் விழுந்து கிடப்பதை நிருபர் கண்ணால் பார்த்திருந்தால் ‘உள்ளதாக’ தேவையில்லை. பார்க்கவில்லை என்றால் சொன்னவரின் பெயரைப் போட வேண்டும். அந்த ‘தாக’ என்ற ஒட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன், ஏனென்றால் உறுதிப்படுத்தாத செய்திக்கும் உறுதியான செய்திக்கும் உள்ள வித்தியாசத்தையே அது அழித்துவிடுகிறது.

மேசையில் இருப்பவர் திரும்ப அழைத்துக் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் வருகிற கொப்பிதான் கிளீன் கொப்பி.

கொப்பி டேஸ்டர் என்று உண்மையிலேயே ஒரு வேலை உண்டா?

உண்டு. பிரித்தானியப் பத்திரிகைகளின் பெயர் அது. நிருபர்களிடமிருந்தும் செய்தி முகவரகங்களிடமிருந்தும் வந்து குவியும் கொப்பியில் எதை எடுப்பது, எதை விடுவது, எதை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்று முதலில் பார்ப்பவர். நம் அலுவலகங்களில் செய்தி ஆசிரியரே இதைச் செய்துவிடுகிறார். ராய்ட்டர்ஸ், அசோசியேட்டட் பிரஸ், ஏ.எஃப்.பி. என்று உலகச் செய்தி முகவரகங்களின் செய்திகள் வரும். இவற்றோடு அமைச்சுகளின் ஊடக அறிக்கை, கட்சிகளின் அறிக்கை, பிரதேச நிருபர்களின் செய்தி எல்லாம் ஒரே நாளில் வந்து விழும். அப்போது முதல் சல்லடை தேவைப்படுகிறது. வாசிப்பு வேகமும் ஞாபக சக்தியும் இருக்கிறவருக்குத்தான் இது பொருந்தும்.

வானொலியில் எழுத்தே பக்கத்துக்குப் போவதில்லையே, அங்கே கொப்பி என்றால் என்ன?

செய்தி வாசிப்பவர் தானே வாசிக்கும், இடையில் யாருடைய குரல் பதிவும் வராத செய்தி. “இதற்குக் குரல் இல்லை, கொப்பியாகப் போடு” என்றால் அமைச்சரின் ஒலிப்பதிவு கிடைக்கவில்லை, நீங்களே வாசித்துவிடுங்கள் என்று அர்த்தம். காதால் கேட்கப்படுவதால் வாக்கியம் குறுகலாக இருக்க வேண்டும், பேசியவர் பெயர் முன்னால் வர வேண்டும்.

வயர்லெஸ் கருவியில் “கொப்பி” என்று பதில் சொல்வது வேறு. நீங்கள் சொன்னது கிடைத்தது, விளங்கியது என்பதே அதன் பொருள். செய்தி அறையின் வட்ஸ்அப் குழுவில் சிலர் இதையும் எழுதுகிறார்கள். “கொப்பி” என்று பதில் போட்டுவிட்டார், ஆனால் கொப்பியைக் காணவில்லை என்ற குழப்பம் வருகிறது. “சரி” என்று எழுதுங்கள்.

ஒரு மனிதரைப் பார்த்து “அவர் நல்ல கொப்பி” என்கிறார்களே?

வாய் திறந்தாலே செய்தி கிடைக்கும் என்று பொருள். வாசகரைக் கவரும் சம்பவத்துக்கும் இதைச் சொல்வார்கள். எனக்கு இந்தப் பிரயோகம் பிடிப்பதில்லை. வெள்ளத்தில் வீட்டை இழந்து அழும் ஒரு தாயைப் பார்த்து “நல்ல கொப்பி” என்று சொல்லும் வாய் சீக்கிரம் மரத்துப்போகும். அரசியலில் வேறொரு ஆபத்து: சத்தமாகப் பேசுகிறவர் தினமும் பத்திரிகையில் வருவார், வேலை செய்கிறவர் வரமாட்டார்.

“எத்தனை கொப்பி போகிறது?” என்ற கேள்விக்கு எந்த எண்ணைச் சொல்வது?

இங்கே கொப்பி என்பது அச்சடித்த பத்திரிகை. மூன்று வேறு எண்கள் உண்டு. அச்சடித்தது, விற்றது, வாசித்தது. முகவர்களிடமிருந்து திரும்பி வருவதைக் கழித்தால்தான் விற்பனை. ஒரு பத்திரிகையை ஒரு சலூனில் எத்தனையோ பேர் வாசிப்பார்கள், அதனால் வாசகர் எண்ணிக்கை விற்பனையை விடப் பெரிது. விளம்பரம் கேட்டுப் போகிறவர் எப்போதும் பெரிய எண்ணையே சொல்வார். அந்தப் பிரச்சினைக்காகத்தான் விற்பனையைக் கணக்காய்வு செய்யும் அமைப்புகள் அமெரிக்காவில் 1914இலும் பிரித்தானியாவில் 1931இலும் இந்தியாவில் 1948இலும் உருவாயின. யாராவது உங்களிடம் ஓர் எண்ணைச் சொன்னால், மூன்றில் எது என்று கேளுங்கள்.

ஒரு கொப்பியை உருவாக்குவதற்குத் தாள் வேண்டும் என்பதைக் கொழும்பு 2022இல் நன்றாக உணர்ந்தது. டொலர் நெருக்கடியில் நியூஸ்பிரின்ட் இல்லாமல், அந்த மார்ச் மாதத்தில் தி ஐலண்ட், திவயின ஆகிய இரண்டும் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தி இணையத்தில் மட்டும் வெளியிட்டன.

விளம்பரப் பகுதியினர் சொல்லும் கொப்பியும் இதுதானா?

விளம்பரத்தில் வரும் வாசகம் அவர்களுடைய கொப்பி. அதை எழுதுகிறவர் கொப்பி ரைட்டர். கொப்பிரைட் என்பது பதிப்புரிமை. உச்சரிப்பு நெருக்கமாக இருப்பதால் விண்ணப்பப் படிவங்களிலேயே மாற்றி எழுதிவிடுகிறார்கள். விளம்பரம் வெளியானதற்கு ஆதாரமாக விளம்பரதாரருக்கு அனுப்பும் பத்திரிகைக்கு வவுச்சர் கொப்பி என்று பெயர்.

கொழும்பு விளம்பர நிறுவனங்களில் தமிழ் வாசகம் கடைசியில், ஆங்கிலமோ சிங்களமோ முடிவான பிறகு, அவசர அவசரமாகப் பெயர்க்கப்படுகிறது. விளைவைப் பஸ் தரிப்பிடப் பலகைகளில் பார்க்கிறோம். தமிழ் எழுதத் தெரிந்த கொப்பி ரைட்டரை ஆரம்பத்திலேயே கூட்டத்துக்கு அழைத்தால் இந்த அவமானம் வராது.

இன்னொருவர் போட்ட செய்தியைக் கொப்பி அடித்தால் சட்டப்படி பிழையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் பதிப்புரிமையைப் பாதுகாக்கிறது. அதன் 8ஆம் பிரிவு எவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லும்போது, அன்றாடச் செய்திகளையும் அதில் சேர்க்கிறது. பதிப்புரிமை பற்றிய சர்வதேச பேர்ன் உடன்படிக்கையிலும் இதே கருத்து இருக்கிறது. இதைக் காட்டி “செய்திக்குக் கொப்பிரைட் கிடையாது, எடுத்துப் போடலாம்” என்று சில இணையத்தளக்காரர் வாதிடுகிறார்கள்.

வாதம் பாதிதான் சரி. மதில் விழுந்தது என்ற தகவல் யாருக்கும் சொந்தமில்லை. நீங்களும் போய்ப் பார்த்து எழுதலாம். ஆனால் ஒருவர் உழைத்து அமைத்த கட்டுரை, அவர் தேர்ந்த சொற்கள், எடுத்த படம், செய்த பகுப்பாய்வு இவை ஆக்கங்கள். அன்றாடச் செய்தி என்ற விலக்கு அவற்றை முழுதாக விழுங்கிவிடாது. செய்தி அறிக்கையிடலுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள 11ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. முழுவதையும் ஒட்டிவைத்துப் பெயரை நீக்குவது நியாயமான அளவு ஆகுமா?

தகவலை மட்டும் எடுத்தால் பிரச்சினையே இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய அமெரிக்க வழக்கைச் சொல்வேன். முதலாம் உலகப் போரின்போது பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்ட்டின் இன்டர்நேஷனல் நியூஸ் சேர்விஸ் என்ற செய்தி முகவரகம் தங்கள் தந்திக் கம்பிகளைப் பயன்படுத்த பிரித்தானியாவும் பிரான்சும் தடை போட்டன. போர்ச் செய்தி கிடைக்காத அந்த நிறுவனம், கிழக்குக் கரையில் காலையிலேயே வெளிவந்த அசோசியேட்டட் பிரஸ் செய்திகளைப் பார்த்து, சில சமயம் தன் சொற்களில் மாற்றி எழுதி, தன் பத்திரிகைகளுக்குத் தந்தியில் அனுப்பியது. மேற்குக் கரையில் நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே போட்டிப் பத்திரிகைக்கு முன்பாகவே கூட அது வெளிவர முடிந்தது. 1918இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: செய்தியின் தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, ஆனாலும் செய்தி சூடாக இருக்கும்போது போட்டியாளர் ஒருவர் விதைக்காத இடத்தில் அறுக்க முடியாது. அந்தத் தீர்ப்பு இலங்கைக்குக் கட்டுப்பாடில்லை. ஆனால் அது பேசும் அநியாயம் நமக்கு அந்நியமுமில்லை.

முல்லைத்தீவிலோ பொத்துவிலிலோ இருக்கும் பிரதேச நிருபர் சொந்த மோட்டார் சைக்கிளில் சொந்த எண்ணெய் ஊற்றிப் போய் ஒரு செய்தி எடுத்து வருகிறார். பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, வெளியான செய்திக்குத்தான் பணம். அது பத்திரிகையின் தளத்தில் ஏறிய சிறிது நேரத்தில், எழுத்துப் பிழைகூட மாறாமல் வேறு தளங்களில் “எமது நிருபர்” என்ற பெயரில் கிடக்கிறது. அந்த “எமது” என்ற சொல் பொய். சட்டம் என்ன சொன்னாலும் இது களவு என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன். மூலத்தைச் சொல்லி இரண்டு வரி எடுத்து, இணைப்புக் கொடுத்து, மேலதிகமாக நீங்கள் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் புதிதாக ஒன்றைச் சேருங்கள். அப்போது அது உங்கள் செய்தியும் ஆகும்.

முகவரகச் செய்தியையும் ஊடக அறிக்கையையும் அப்படியே போடுகிறோமே, அது மட்டும் சரியா?

முகவரகத்துக்குப் பத்திரிகை சந்தா கட்டுகிறது. அந்தக் கொப்பியைப் போடும் உரிமை அந்த ஒப்பந்தத்தில் வருகிறது. பெயரைப் போட வேண்டும். மொழிபெயர்த்தாலும் பெயர் போகக் கூடாது.

ஊடக அறிக்கை வேறு விஷயம். அனுப்பியவர் அப்படியே வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறார், அதனால் களவு இல்லை. வாசகரை ஏமாற்றுவது உண்டு. அமைச்சின் சிங்கள அறிக்கையைத் தமிழாக்கி நிருபர் பெயரோடு போட்டால், யாரோ போய் விசாரித்து எழுதினார் என்று வாசகர் நம்புவார். “அமைச்சு விடுத்த அறிக்கை” என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சிங்களத்தில் பிட்டபத்த என்றால் நகலும்தான், நாடகத்துக்கும் விளம்பரத்துக்கும் எழுதும் பிரதியும்தான். அறிக்கைகளை மொழிபெயர்க்கிறவர்கள் எந்தப் பொருள் என்று இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேட்டி கொடுத்தவர் “வெளியிட முன் கொப்பியைக் காட்டுங்கள்” என்றால்?

முழுக் கொப்பியையும் காட்ட வேண்டாம். மரியாதையாக மறுக்கலாம்: “சேர், நீங்கள் சொன்ன பகுதியை வாசித்துக் காட்டுகிறேன், தகவல் பிழை இருந்தால் திருத்துகிறேன். மற்றவர்கள் சொன்னதைக் காட்ட முடியாது.” மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற விடயங்களில் இப்படி வாசித்துக் காட்டுவது நல்லதும்கூட. அரசியல்வாதிகள் சொன்ன சொல்லையே பிறகு மாற்றக் கேட்பார்கள். அமெரிக்காவில் இது பெரிய வழக்கமாகிப் போனதால், மேற்கோளை அனுமதிக்கு அனுப்பக் கூடாது என்று 2012இல் நியூயோர்க் டைம்ஸ் தன் நிருபர்களுக்குத் தடை விதித்தது. விதிவிலக்கு ஒன்றை நான் வைத்திருக்கிறேன். வன்முறைக்கு ஆளான ஒருவர், தன்னை அடையாளம் காட்டும் தகவல் வந்துவிடுமோ என்று பயந்து கேட்டால், அவருடைய பகுதியை வரிக்கு வரி காட்டுவேன்.

கொப்பிகேட் என்பதையும் செய்தி அறையில் கேட்டிருக்கிறேன். அது எதைப் பற்றி?

ஒரு சம்பவத்தைப் பற்றி வாசித்து இன்னொருவர் அதேபோலச் செய்வது. முக்கியமாகத் தற்கொலைச் செய்திகளில் இந்த ஆபத்து ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஊடகங்களுக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது: முறையை விவரிக்க வேண்டாம், இடத்தைப் பிரபலப்படுத்த வேண்டாம், முன்பக்கத்தில் பெரிதாகப் போட வேண்டாம், ஒரே காரணத்தால் நடந்தது என்று சுருக்க வேண்டாம், உதவி கிடைக்கும் வழியைச் சொல்லுங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்று இலங்கையில் இருந்தது. கடும் நஞ்சுள்ள பூச்சிநாசினிகளைத் தடை செய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. இவ்வளவும் நடந்த நாட்டில், “பரீட்சையில் தோற்றதால்” என்று ஒரு பிள்ளையின் சாவுக்குத் தலைப்புப் போடுவதை மன்னிக்க முடியாது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அதைச் செய்தியின் அடியில் சேர்க்க ஒரு வரி போதும்.

“ஆவணத்தின் கொப்பி இருக்கிறதா?” என்று ஆசிரியர் கேட்டால் ஃபோட்டோ கொப்பி போதுமா?

எழுதத் தொடங்குவதற்குப் போதும். சர்ச்சைக்குரிய செய்தியாக இருந்தால் உறுதிப்படுத்திய பிரதி வாங்கப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் பொது அதிகாரசபைகளிடம் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தொலைபேசியில் எடுத்த படமாக ஆவணம் வந்தால், எல்லாப் பக்கமும் இருக்கிறதா, கடிதத் தலைப்பும் திகதியும் கையொப்பமும் தெரிகிறதா என்று பாருங்கள். நடுப்பக்கம் இல்லாத ஆவணம் பெரும்பாலும் வேண்டுமென்றே அப்படி வந்திருக்கும்.

கடைசியாக, கொப்பி – பேஸ்ட். என் கொப்பியை அலுவலகத்தில் ஒட்டினால் எழுத்துக் குழம்புகிறதே?

கணினியில் வெட்டி ஒட்டும் முறையை 1970களில் ஸெரொக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லரி டெஸ்லர். தமிழுக்கு அது லேசாக அமையவில்லை. நம் பத்திரிகைகளில் பலகாலம் பாமினி எழுத்துருவில் வேலை நடந்தது, இன்றும் பல நிருபர்கள் அதில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு உள்ளே இருப்பது அரைப்புள்ளி. அதை எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

முடிந்தால், எங்கே ஒட்டினாலும் தமிழாகவே இருக்கும் யுனிகோட் முறைக்கு மாறுங்கள். மாற முடியாவிட்டால், கொப்பியின் தலையில் “பாமினி” என்று எழுதி அனுப்புங்கள், எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்துக்கொள்வோம். மாற்றிய பிறகு பார்க்க வேண்டியவை தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலப் பெயர்கள், இணைய முகவரிகள், கிரந்த எழுத்துகள், மேற்கோள் குறிகள். ஆங்கிலத்தில் எழுதிய கட்சிப் பெயர்ச் சுருக்கத்தை அந்த மென்பொருள் தமிழ் எழுத்தென்று நினைத்து அர்த்தமில்லாத ஒரு சொல்லாக்கிவிடும், அது பார்வைக்குத் தமிழாகவே இருப்பதால் எழுத்துப்பிழைத் திருத்தியிலும் தப்பிவிடும். அதனால் மாற்றிய கொப்பியை நிருபர் அனுப்பிய பீ.டி.எஃப். உடன் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்புநோக்குங்கள். பீ.டி.எஃப். அனுப்பாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.